இடித்த கான்கிரீட் ஓடைக்கு வேண்டாம், அஸ்திவாரத்துக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சாலை வளைவுகளிலும் ஓடைக் கரைகளிலும் கொட்டப்படும் கட்டட இடிபாடுகளைப் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது படத்துடன் செய்தி வருகிறது. கொட்டியவருக்கு அபராதம் போட வேண்டும் என்பதோடு செய்தி முடிந்துவிடும். அபராதம் தேவைதான். ஆனால் கொட்ட ஓர் இடத்தைக் காட்டாமல் போடும் அபராதம், அடுத்த டிப்பரை இன்னும் இருட்டான வளைவுக்குத்தான் அனுப்பும். மலையில் கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். இந்த இடிபாட்டில் பெரும்பகுதி மலையை விட்டு இறங்கவும் வேண்டியதில்லை, சரிவில் விழவும் வேண்டியதில்லை. உடைத்துச் சலித்தால் இங்கேயே ஜல்லியாகப் பயன்படும். எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் நீள்கிறது. பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. ஆயிரம் சதுர அடி வீட்டின் ஐந்து அங்குலக் கூரைத் தளம் மட்டும் ஏறத்தாழ 11.8 கன மீட்டர் கான்கிரீட், அதாவது 28 டன். இடித்துப் போட்டால் ஒன்றரை மடங்காகப் பருத்து ஆறு யூனிட்டுக்கு (ஒரு யூனிட் நூறு கன அடி) மேல் நிற்கும். கம்பி ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாகத் தேறும், அதை இரும்புக் கடைக்காரர் வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்வார். மீதியை உடைத்தால் சுமார் அறுபது விழுக்காடு ஜல்லியாகவும் நாற்பது விழுக்காடு 4.75 மி.மீ. சல்லடையில் இறங்கும் பொடியாகவும் பிரியும். ஆக 17 டன் ஜல்லி, அளவில் 13 கன மீட்டர்.

அதே மனையில் அதே அளவில் புது வீடு எழுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டர் நீளத்துக்கு அஸ்திவார வானம் தோண்டி, மூன்றடி அகலம் அரையடி கனத்தில் கம்பி இல்லாத அடிக் கான்கிரீட் (பி.சி.சி.) போட்டால் 8 கன மீட்டர். தரைக்கு அடியில் நான்கு அங்குலப் பெட் கான்கிரீட் 9 கன மீட்டர். இந்த 17 கன மீட்டருக்கு 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் வேண்டிய ஜல்லி 16 கன மீட்டர். அதில் 13 பழைய கூரையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. பழைய வீட்டின் தளம் புது வீட்டின் அடியிலேயே அடங்கிப்போகிறது. இடிபாட்டை உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஐம்பது கிலோமீட்டர் இறக்க இரண்டு மூன்று டிப்பர், அதே அளவு ஜல்லியைக் கீழிருந்து ஏற்ற இன்னும் சில டிப்பர் என்று பர்லியார் வளைவுகளில் ஊர்ந்து போகும் வண்டிகள் எல்லாமே மிச்சம்.

சரிவில் கொட்டுவது ஏன் இவ்வளவு ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறோம். நீலகிரியின் அடிப்பாறை சார்னக்கைட் என்னும் கடினமான கல். அதன்மேல் பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்த செம்மண் போர்த்தியிருக்கிறது. அந்த மண் நிற்பது, உள்ளே போன நீர் வெளியேறும் வரையில்தான். சரிவின் தலையில் இருபது முப்பது டன்னை ஏற்றினால் தள்ளும் பாரம் கூடுகிறது. சரிவின் காலில் ஓடும் ஓடையில் கொட்டினால் நீர் வழி அடைபட்டு மண் ஊறுகிறது. இரண்டும் ஒரே மழையில் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை 1993 மரப்பாலம் நிலச்சரிவையும் 2009 நவம்பர் நிலச்சரிவுகளையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு முன் தளர்வாகக் கொட்டிய குவியல் எதுவும் நிற்காது.

தேயிலைத் தோட்டத்தில் பள்ளம் நிரப்பக் கேட்கிறார்கள் என்று கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேயிலை புளிப்பு மண்ணில், பி.எச். 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணில் செழிக்கும் பயிர். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் ஊறி வடியும் நீரின் பி.எச். 11-க்கும் மேலே போகும். சுண்ணாம்பைக் கண்டால் ஒதுங்கும் செடியின் வேரடியில் சுண்ணாம்பையே புதைப்பதற்குச் சமம் இது. பள்ளம் நிரம்பலாம், அந்த இடத்துச் செடி தேறாது.

இனி செய்முறை. மறுசுழற்சி ஜல்லியின் தரம் கிரஷரில் தீர்மானமாவதில்லை, வீட்டை இடிக்கும் ஒழுங்கில் தீர்மானமாகிறது. ஒரே நாளில் இயந்திரத்தை விட்டுச் சுவர், கூரை, கழிவறை ஓடு, பால்ஸ் சீலிங் எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கிவிட்டால் பிறகு எந்த இயந்திரமும் அதைப் பிரித்துத் தராது. இறக்க வேண்டிய வரிசை இது. மின்வயர், குழாய், கதவு ஜன்னல், மரச் சட்டம் முதலில். அடுத்து பால்ஸ் சீலிங்கும் ஜிப்சம் பலகையும். பிறகு தரை ஓடு, சுவர் ஓடு, பீங்கான், கண்ணாடி. அதன்பின் செங்கல் சுவர். கான்கிரீட் தளமும் தூணும் பீமும் கடைசியில், தனிக் குவியலாக. தளத்தின் அடிப்பூச்சு கொத்தோடு வந்தால் பரவாயில்லை. அது சிமென்ட் கலவைதான், உடைக்கும்போது பொடியோடு போய்விடும்.

நம் ஊரில் இந்த வரிசைக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. பழைய வீடுகளிலும் தோட்டத் தொழிலாளர் லயன்களிலும் ஷெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக் கூரை நிறைய இருக்கிறது. அதன் ஒரு துண்டுகூட உடைக்கும் குவியலில் சேரக் கூடாது. கிரஷரில் போனால் கல்நார் இழை தூசியோடு பறந்து சித்தாள்களின் நுரையீரலில் தங்கும், பல ஆண்டுகள் கழித்துத்தான் நோயாகத் தெரியும். சீட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாகவே கையில் வாங்கி இறக்க வேண்டும். மேலிருந்து வீசி உடைக்கவே கூடாது. தடித்த பாலிதீனில் சுற்றிக் கட்டித் தனியாக வைத்து, அபாயக் கழிவு எடுக்க அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த ஒரு வேலையில் அவசரம் காட்டும் ஒப்பந்தக்காரரை நம்பி மற்ற எதையும் ஒப்படைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஜிப்சத்துக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பார்கள். ஜிப்சத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது சல்பேட் (SO₃ கணக்கில்). கான்கிரீட் ஜல்லிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383:2016 மறுசுழற்சி ஜல்லியில் அனுமதிக்கும் மொத்த சல்பேட் 0.5 விழுக்காடு. ஒரு டன் ஜல்லியில் பத்து கிலோ ஜிப்சம் கலந்தாலே அந்த எல்லையை நெருங்கிவிடும். பழைய சிமென்டிலும் கொஞ்சம் சல்பேட் இருப்பதால் உண்மையில் பத்து கிலோவும் தாங்காது. மிஞ்சிய சல்பேட் ஈரத்தில் சிமென்டோடு வினைபுரிந்து பருக்கும், கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். வறண்ட ஊரில் இது மெதுவாக நடக்கலாம். ஆண்டில் பாதி நாள் சுவர் வியர்க்கும் இந்த ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. சந்தேகம் வந்தால் வெள்ளைக் கட்டியை நகத்தால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் அது ஜிப்சமாக இருக்கும் வாய்ப்பே அதிகம், எடுத்து எறிந்துவிடலாம். கண்ணாடித் துண்டும் வேண்டாம். சிமென்டின் காரத்தோடு சேர்ந்து அதுவும் காலப்போக்கில் பருக்கும்.

வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் கிடைக்கும் சுண்ணாம்புக் காரை வலுவில்லாதது. அதை ஜல்லியில் சேர்க்காமல் சலித்து ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் கட்டடங்களின் கருங்கல்லை யாரும் கிரஷரில் போட வேண்டாம். கல் கல்லாகவே தடுப்புச் சுவருக்குப் போகட்டும், அதைவிட நல்ல மறுபயன்பாடு கிடையாது.

தரநிலை இரண்டு வகையைப் பிரிக்கிறது. கான்கிரீட்டை மட்டும் உடைத்து வந்தது மறுசுழற்சி கான்கிரீட் ஜல்லி. செங்கல், ஓடு, கல் எல்லாம் கலந்து வந்தது வெறும் மறுசுழற்சி ஜல்லி. இரண்டாவதை எம்-15-க்குக் (28 நாளில் சதுர மி.மீ.க்கு 15 நியூட்டன் வலு) கீழான, 1:4:8 போன்ற மெலிந்த கான்கிரீட்டில் மட்டும் போடலாம், அதில் நூறு விழுக்காடு வரை அனுமதி உண்டு. வேறு எதிலும் ஒரு சட்டிகூடப் போடக் கூடாது. முதல் வகையை மெலிந்த கான்கிரீட்டில் நூறு விழுக்காடு, கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு, கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடு, அதுவும் எம்-25 வரை மட்டும் போடலாம். கம்பியை இழுத்து முறுக்கேற்றிச் செய்யும் முன்னழுத்தக் கான்கிரீட்டில் இடமே இல்லை. குவியல் எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் நாலைந்து இடத்திலிருந்து பத்து கிலோ அள்ளி, சாக்கில் பரப்பி, கையால் பொறுக்கி, செங்கல் ஓடு துண்டுகளை நிறுத்துப் பாருங்கள். அரை கிலோ சேர்ந்தாலே அதைக் கலப்பு ஜல்லியாகக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடு போடலாம் என்று தரநிலை சொன்னாலும், மலையில் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம் என்றே சொல்வோம். மழையும் பனிநீரும் படும் கான்கிரீட்டை கான்கிரீட் கட்டுமானத்துக்கான தரநிலை ஐ.எஸ். 456 மிதமான பாதிப்புச் சூழல் என்று வகைப்படுத்துகிறது. அதற்குக் குறைந்தபட்சம் எம்-25, கன மீட்டருக்கு 300 கிலோ சிமென்ட், நீர்–சிமென்ட் விகிதம் 0.50-க்கு மிகாமல் வேண்டும். மறுசுழற்சி ஜல்லிக்கு அனுமதித்த உச்சத் தரமும் எம்-25. ஆக மலையில் வெளியே தெரியும் எந்தக் கூரையும் தூணும் அனுமதியின் கடைசிப் படியில்தான் நிற்கும். பக்கத்தில் சோதனைக் கூடமோ, குவியலுக்குக் குவியல் சான்றோ இல்லாத நிலையில் அந்தப் படியில் ஏறுவது புத்திசாலித்தனம் அல்ல. ஏற வேண்டிய அவசியமும் இல்லை. மெலிந்த கான்கிரீட்டுக்கே நம்மிடம் இருக்கும் இடிபாடு போதாமல் போகும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறோம். இந்த வேலையில் தோற்பவர்கள் அதிகமும் தோற்பது இங்கேதான். உடைத்த கான்கிரீட் ஜல்லியின் மேல் பழைய கலவை ஒட்டிக்கொண்டே இருக்கும். அது பஞ்சு மாதிரி. நல்ல கருங்கல் ஜல்லி தன் எடையில் அரை முதல் ஒரு விழுக்காடு நீர் குடிக்கும், இது மூன்று முதல் எட்டு விழுக்காடு வரை குடிக்கும். தரநிலை 5 விழுக்காட்டை எல்லையாக வைத்து, முன்கூட்டியே ஊறவைத்தால் 10 வரை ஒத்துக்கொள்கிறது. ஊறவைப்பது தரநிலையிலேயே நிபந்தனை என்பதை மேஸ்திரிகள் மனத்தில் வைக்க வேண்டும்.

ஊறவைக்காவிட்டால் நடப்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கன மீட்டர் கலவையில் சிமென்ட் 340 கிலோ, நீர் 170 லிட்டர், விகிதம் 0.50. அதில் 230 கிலோ மறுசுழற்சி ஜல்லி. 5 விழுக்காடு உறிஞ்சும் என்றால் காய்ந்த ஜல்லி 11.5 லிட்டரைக் குடித்துவிடும், அதுவும் பெரும்பகுதியை முதல் சில நிமிடங்களிலேயே. கலவை இறுகுவதைப் பார்த்து மிக்சரில் நிற்பவர் ஒரு குடம், பதினைந்து லிட்டர் ஊற்றுவார். மறுநாள் அதே குவியல் இரவு மழையில் நனைந்திருக்கும். பழக்கத்தில் அன்றும் ஒரு குடம் ஊற்றுவார். அந்த நீர் முழுதும் சிமென்டுக்குப் போய் விகிதம் 0.54 ஆகிவிடும். ஒரே கட்டடத்தில், ஒரே ஜல்லியில், ஒரு நாள் போட்டது வலுவாகவும் மறுநாள் போட்டது சோர்ந்தும் போவதற்கு இதுதான் காரணம். பழி மட்டும் பழைய ஜல்லியின் மேல் விழும்.

செய்ய வேண்டியது எளிது. கலவை போடும் முதல் நாள் மாலை, வேண்டிய ஜல்லியைத் தொட்டியில் அல்லது டிரம்மில் மூழ்க ஊறவையுங்கள். தொட்டி இல்லாவிட்டால் சாய்வான சிமென்ட் தளத்தில் பரப்பி, இரண்டு மூன்று முறை நன்றாகத் தெளித்து, ஈரச் சாக்கு போர்த்துங்கள். காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் நீர் வடியட்டும். மேலே பளபளப்பு போய் மங்கலாகத் தெரியும்போது எடுத்துக் கலக்கலாம். கலக்கும்போது ஜல்லியும் மணலும் ஒரு நிமிடம், பாதித் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம், பிறகு சிமென்ட் போட்டு அரை நிமிடம், மீதித் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம். முதல் பாதித் தண்ணீரும் சிமென்டும் சேர்ந்த கூழ் ஜல்லியின் மேலுள்ள நுண்துளைகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டு கட்டக் கலவையால் வலு கூடுவது சோதனைகளில் உறுதியானது. செலவு ஏதும் இல்லை.

உறிஞ்சும் அளவைத் தெரிந்துகொள்ளச் சோதனைக் கூடம் வேண்டும் என்பதில்லை. இரண்டு கிலோ ஜல்லியை அடுப்பில் வைத்து முழுக்கக் காயவைத்து எடை பாருங்கள். 24 மணி நேரம் ஊறவைத்து, துணியால் மேல் ஈரம் துடைத்து மறுபடி எடை பாருங்கள். 2,000 கிராம் 2,110 ஆனால் 5.5 விழுக்காடு. ஒவ்வொரு புதுக் குவியலுக்கும் இதைச் செய்து, குவியலில் அட்டை எழுதிக் குத்தி வைக்கலாம்.

1:4:8 கலவைக்குக் கன மீட்டருக்கு மூன்றரை மூட்டை சிமென்ட் போகும். முழுக்க மறுசுழற்சி ஜல்லியாக இருந்தால் அரை மூட்டை கூட்டிப் போடச் சொல்வோம். அதே நீர் விகிதத்தில் வலு பத்திலிருந்து இருபத்தைந்து விழுக்காடு வரை குறையக்கூடும் என்பதற்கு அது ஈடு. வாங்கும்போது யூனிட் கணக்கில் ஏமாற வேண்டாம். கருங்கல் ஜல்லி ஒரு யூனிட் நான்கு டன்னுக்கு மேல் நிற்கும், மறுசுழற்சி ஜல்லி மூன்றரை முதல் மூன்றே முக்கால் டன்தான். எடையில் வாங்கி எடையில் கலந்துவிட்டால் குழப்பம் வராது. ஜல்லியைப் பாண்டில் (இரும்புச் சட்டியில்) அளக்கும் பழக்கத்தை இந்த ஒரு பொருளுக்காவது விட்டுவிட வேண்டும்.

குளிரையும் மறந்துவிட முடியாது. சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்க ஐ.எஸ். 456 சொல்லும் நாட்கள் 15 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலைக்கும் சாதாரண சிமென்டுக்கும் சொன்னவை. டிசம்பர், ஜனவரியில் உதகையில் இரவு எவ்வளவு இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், அது குளிரில் இன்னும் மெதுவாக இறுகும். மெலிந்த கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் இல்லை என்றாலும், மறுநாளே அதன்மேல் கல் கட்டு ஏற்றும் அவசரம் வேண்டாம். குறைந்தது பத்து நாள் ஈரம் காக்க வேண்டும். பனி விழும் இரவில் சாக்கு போர்த்தினால் நல்லது. தலைக்குந்தா, காந்தல் மாதிரி உறைபனி தேங்கும் பள்ளங்களில் இந்த ஜல்லியால் செய்த பேவர் கல்லை மேல்பரப்பில் போடுவதையும் தவிர்க்கச் சொல்வோம். நீர் நிறையக் குடித்த கல் உறைந்து இளகும்போது மேல் தோல் செதிலாக உரியும்.

வேறு எங்கே போடலாம்? சாலைக்கு அடியில் பரப்பும் ஜல்லிப் படலத்துக்கு (ஜி.எஸ்.பி.) இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 121:2017 வழிகாட்டுகிறது. எஸ்டேட் சாலைகளும் ஊராட்சிச் சாலைகளும் இதற்கு நல்ல இடம். ரோலர் ஓட்டும்போது வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் கேட்கும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். கம்பி வலைப் பெட்டியில் கல் அடுக்கும் கேபியன் சுவருக்குக் கிரஷரே தேவையில்லை. 150 முதல் 250 மி.மீ. துண்டுகளாகச் சம்மட்டியால் உடைத்து அடுக்கினால் போதும். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ஒட்ட வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வலையின் துத்தநாகப் பூச்சைக் கீறி அந்த இடத்திலேயே துரு தொடங்கும். கான்கிரீட் கருங்கல்லைவிட எடை குறைவு என்பதால் பெட்டியில் கன மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ குறையும். கேபியன் நிற்பதே தன் எடையால். கருங்கல்லுக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே எடுக்காமல், அடி அகலத்தைப் பொறியாளர் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும்.

தடுப்புச் சுவருக்குப் பின்னால் நீர் வடிக்கும் ஜல்லியாக இதைப் போட வேண்டாம். மலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறோம். உடைத்த கான்கிரீட்டில் கரையும் சுண்ணாம்பு காற்றுப் பட்டதும் வெள்ளைக் கல்லாகப் படியும். குழாயின் வாயிலும், துணி வடிகட்டியிலும், சுவரின் நீர்த் துளைகளிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்ளும். நாலைந்து மழைக்காலம் கழிந்து துளை வாயில் வெள்ளைக் கறை தெரியும்போது சுவருக்குப் பின்னால் நீர் நிற்கத் தொடங்கியிருக்கும். அந்த நீரின் அழுத்தத்துக்காக அந்தச் சுவர் கட்டப்படவில்லை. அங்கே கழுவிய கருங்கல் ஜல்லிதான் போட வேண்டும். கிணறு, ஊற்று, ஓடை அருகிலும், மழைநீர் உறிஞ்சு குழியிலும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

மீதமாகும் பொடியைப் பற்றிக் கேள்வி எழும். எம் சாண்டுக்குப் பதிலாகப் பூச்சுக்குப் போடச் சிலர் ஆசைப்படுவார்கள். அதிகம் நீர் குடிக்கும், சுருங்கும், பூச்சு முழுதும் மயிரிழை வெடிப்பு விடும். பேஸ்மென்ட் நிரப்பவும், சாலை அடியில் மண்ணோடு கலக்கவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மழைக்குத் திறந்து வைக்கக் கூடாது. அதில் இன்னும் வினைபுரியாத சிமென்ட் கொஞ்சம் இருக்கும். நனைந்தால் குவியலே கட்டிப்படும், பிறகு அதை உடைக்க மறுபடி சம்மட்டி வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்யும் ஊரில் தார்ப்பாய் மட்டும் போதாது. மேலே தகரக் கூரை, கீழே சாய்வுத் தளம், சுற்றிலும் வண்டல் தங்கும் தொட்டி இருக்க வேண்டும்.

இயந்திரம் பெரிதாகத் தேவையில்லை. பத்து அங்குல வாய் கொண்ட, இரும்புத் தாடையால் நொறுக்கும் சிறிய ஜா கிரஷர், அதன்பின் கம்பித் துண்டைப் பிடிக்கும் காந்தம், 40, 20, 4.75 மி.மீ. சல்லடைகள் போதும். வாயின் அகலத்தில் எண்பது விழுக்காட்டுக்கு, அதாவது எட்டு அங்குலத்துக்கு மேல் துண்டு போடக் கூடாது, சிக்கிக்கொள்ளும். கம்பி நீட்டிய துண்டு காந்தத்துக்கு வருவதற்கு முன்பே தாடையில் சுற்றிக்கொள்ளும், முதலில் வெட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் தெளிப்பான் இல்லாமல் ஓட்டக் கூடாது. இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு அவசியம். இதற்கென்று புதிதாக ஒரு மலையை வெட்டிச் சமன்படுத்துவதானால் இந்தத் திட்டமே வேண்டாம். ஏற்கெனவே சமனாகக் கிடக்கும் பழைய கிடங்கு, கைவிட்ட குவாரித் தளம் போன்றவையே போதும்.

சட்டத்தில் இடைவெளி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகள் நாளுக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் உண்டாக்குபவரைத்தான் முன்கூட்டியே மேலாண்மைத் திட்டம் தரச் சொன்னது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என அறிவிக்கப்பட்ட 2025-ஆம் ஆண்டு விதிகளின் உற்பத்தியாளர் பொறுப்போ 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களை நோக்கியது. நம் மலையில் இடிபடுவது பெரும்பாலும் பல நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக இடிக்கும் சிறு வீடு. இரண்டு வலையிலும் சிக்காமல் அத்தனையும் ஓடைக்குப் போகிறது. அதை வாங்கிக்கொள்ளும் பொறுப்பு உள்ளாட்சியுடையது.

உதகை, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் நகராட்சிகளையும் மாவட்ட நிர்வாகத்தையும் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான். வட்டத்துக்கு ஒரு சேகரிப்பு முற்றமாவது ஒதுக்குங்கள், டிராக்டர் அளவில் கொண்டுவருபவரிடமும் எடை போட்டு ரசீது கொடுத்து வாங்குங்கள். ஒரே கிரஷரை மாதம் ஒரு முற்றமாகச் சுற்றி ஓட்டினாலும் போதும். அதைவிட அவசரமானது விலை விகிதப் பட்டியலில் ஓர் இனம். “மறுசுழற்சி ஜல்லியில் 1:4:8 கான்கிரீட், ஊறவைத்தல் உட்பட” என்று எஸ்டிமேட்டில் எழுத முடியாத வரை எந்தப் பொறியாளரும் எம் புக்கில் (வேலை அளவுப் புத்தகத்தில்) அதை அளந்து பதிய மாட்டார். அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 விழுக்காடு இத்தகைய பொருளை வாங்குவதைக் கட்டாயமாக்க 2016 விதிகளே வழி சொல்லியிருந்தன. அங்கன்வாடிக்கும் நடைபாதைக்கும் சாக்கடை அடித்தளத்துக்கும் அந்த ஓர் இனம் எழுதப்பட்டால், முற்றத்தில் ஜல்லி தேங்காது.

இடிக்க அனுமதி கேட்டு வருபவரிடம் நகராட்சி இரண்டு தாள் கேட்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் எத்தனை சீட்டு, அது எங்கே போகிறது என்பது ஒன்று. கான்கிரீட் எத்தனை டன், எந்த முற்றத்துக்கு அல்லது எந்த அஸ்திவாரத்துக்குப் போகிறது என்பது மற்றொன்று. வேலை முடிந்து புது வீட்டுக்கு வரைபட அனுமதி கேட்கும்போது அந்த எடை ரசீதை இணைக்கச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு இடிப்பு வேலைகள் கூடும். அதற்குள் ஒரு முற்றமாவது திறக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.